ஓதம் காக்கும் சுவரும் ஓயாத சாக்குப்போக்கும்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் கடலோரக் குடியிருப்புகளில் ஒரு காட்சியைக் காணலாம். கூரையிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி. சுவரோரம் கிடந்த பாய் நடுவீட்டுக்கு வந்துவிடும். அதன்மேல் பிள்ளைகள் நெருக்கியடித்துப் படுத்திருப்பார்கள். மூலையிலே கறுப்பும் பச்சையுமாகப் பூசணம். பீரோவைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி. மழை ஓய்ந்து தை பிறந்த பிறகும் அந்த நெடி போவதில்லை. பிள்ளையின் இளைப்பும் போவதில்லை.

கேட்டால், "கடலோரம் என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுகிறார்கள். சொல்லுகிறவர்கள் யார்? அந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடப் படுத்துப் பார்க்காதவர்கள்!

அப்படித்தான் இருக்குமா? அப்படி இருக்கக் காரணம் என்ன? காரணத்துக்குப் பொறுப்பாளி யார்? திருத்த வழி இல்லையா? இந்த நான்கு கேள்விகளையும் இன்று கேட்டே ஆக வேண்டும். ஏனென்றால், 2025 அக்டோபர் 27 அன்று இங்கிலாந்தில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு மந்திரியின் பெயர் இல்லை. மன்னரின் பெயரும் இல்லை. இரண்டு வயதுக் குழந்தை ஒன்றின் பெயர் வைத்திருக்கிறார்கள்.

குழந்தையின் பெயரில் ஒரு சட்டம்

மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ராச்டேல் என்று ஓர் ஊர். பஞ்சாலைத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஊர். 1844-ல் ஏழை நெசவாளர்களும் கைத்தொழிலாளர்களும் காசு சேர்த்துக் கூட்டுறவுப் பண்டகசாலை கண்ட ஊர் என்று நமது கூட்டுறவுத் தோழர்கள் படித்திருப்பார்கள். அந்த ஊரில் ஒரு பொது வாடகைக் குடியிருப்பில் வாழ்ந்த குடும்பத்தின் பிள்ளை அவாப் இஷாக். 2020 டிசம்பரில், இரண்டாவது பிறந்த நாள் கழிந்த சில நாட்களில், அந்தப் பிள்ளை இறந்துபோனான்.

வீட்டிலே பூசணம் இருக்கிறது என்று தகப்பனார் 2017-லேயே முறையிட்டார். "மேலே பெயின்ட் அடித்துக்கொள்" என்பதுதான் கிடைத்த பதில். பெயின்ட்டுக்கு உள்ளேயிருந்து பூசணம் மறுபடியும் முளைத்தது. முறையீடும் மறுபடியும் போயிற்று. 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார்: வீட்டிலிருந்த பூசணத்தை நெடுங்காலம் சுவாசித்ததால் வந்த கடுமையான மூச்சுக்குழல் நோயே மரணத்துக்குக் காரணம். குடியிருப்பை நிர்வகித்த அமைப்பு அந்தக் குடும்பத்தின் "வாழ்க்கை முறை" மீது பழி போட்டிருந்தது; அப்படி நினைத்தது தவறு என்று பிற்பாடு ஒப்புக்கொண்டது. பிள்ளை போன பிறகு வந்த ஒப்புதல்!

அதற்குப் பிறகு நாடு கொதித்தது. 2023-ல் சமூக வீட்டுவசதி ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறியது. அதன் கீழ் வந்த விதிகள்தான் 'அவாப் சட்டம்' என்று வழங்குகின்றன. விதிகள் என்ன சொல்லுகின்றன? உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்தில் நடவடிக்கை. கணிசமான ஓதமோ பூசணமோ என்று தகவல் வந்தால் 10 வேலை நாட்களில் வந்து பார்க்க வேண்டும். பார்த்து முடித்த 3 வேலை நாட்களில் எழுத்து மூலம் முடிவைச் சொல்ல வேண்டும். ஆபத்து உண்டென்று கண்டால் 5 வேலை நாட்களில் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும். முடியாவிட்டால் குடும்பத்துக்கு மாற்று இடம் கொடுக்க வேண்டும்.

கவனியுங்கள், தோழர்களே! "ஆவன செய்யப்படும்" என்ற வாசகம் அங்கே இல்லை. நாள் எண்ணிக்கை இருக்கிறது. உரிமை என்பதும் அதுதான். நாள் குறிக்காத வாக்குறுதி, தேதி போடாத காசோலை மாதிரி, வங்கியில் செல்லாது.

ராச்டேல் கடலோர ஊர் அல்ல. அங்கே குளிர், இங்கே புழுக்கம். அங்கத்திய ஓதத்துக்கும் இங்கத்திய ஓதத்துக்கும் காரணம் வெவ்வேறு. ஆனால் சாக்குப்போக்கு மட்டும் ஒன்றே. அங்கே "உன் வாழ்க்கை முறை" என்றார்கள். இங்கே "நீ வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லை" என்கிறார்கள். ஆகவே காரணத்தை நாமே ஆராய்ந்து தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

உப்புக் காற்றின் கணக்கு

பூசணம் என்பது உயிருள்ள பொருள். அதன் வித்துக்கள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. முளைப்பதற்கு அதற்கு வேண்டியது ஒன்றே ஒன்று: ஈரம். தூசி, காகிதம், துணி, பெயின்ட் எல்லாம் அதற்குத் தீனி. ஈரத்தை நிறுத்தினால் பூசணம் நிற்கும். ஈரத்தை நிறுத்தாமல் ஆயிரம் முறை துடைத்தாலும் ஆயிரத்தோராவது முறை அது வரும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது? நான்கு வழிகள். மேலேயிருந்து மொட்டைமாடிக் கசிவு. கீழேயிருந்து, அஸ்திவாரத்தின் வழியாகத் தரை நீர் சுவரில் ஏறுவது. பக்கத்திலிருந்து, உடைந்த குழாயும் குளியலறைச் சுவரும் சாரலடிக்கும் வெளிச்சுவரும். நான்காவது, வீட்டுக்குள்ளேயே பிறக்கும் நீராவி.

கடலோரத்தில் இவற்றோடு ஐந்தாவதாக ஒன்று சேருகிறது. அதுதான் உப்பு. கடற்காற்று கொண்டுவந்து படியவைத்த உப்பு. உப்புத் தண்ணீரிலே கலவை குழைத்ததால் சுவருக்குள் புகுந்த உப்பு. கழுவாத மணலோடு வந்த உப்பு. உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றிலுள்ள ஈரப்பதம் சுமார் 75 சதத்தைத் தாண்டியதும் அது காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். மழைநாளில் நம் வீட்டு உப்பு ஜாடி நமுத்துப்போவதில்லையா? அதே கதைதான் சுவருக்கும். சென்னைக் கரையில் மழை மாதங்களின் காலை வேளைகளில் ஈரப்பதம் 80 சதத்தைத் தாண்டுவது வழக்கம். ஆகவே குழாய் உடையாமலே, கூரை ஒழுகாமலே சுவர் வியர்க்கிறது. வெயில் வந்தால் உப்பு பூக்கிறது. பூத்த உப்பு பூச்சைத் தள்ளுகிறது. பூச்சு பொரிந்து உதிர்கிறது. "நேற்றுத்தானே பூசினோம், அதற்குள் உதிர்ந்துவிட்டதே" என்று திகைக்கிறோம். உப்பை உள்ளே வைத்துப் பூசினால் உதிராமல் என்ன செய்யும்?

வீட்டுக்குள் பிறக்கும் நீராவிக்கும் ஒரு கணக்குச் சொல்லுவோம். சமையல் எரிவாயு எரியும்போது நீராவி உண்டாகிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து தீர்ந்தால் ஏறத்தாழ 22 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. உலையிலிருந்து வரும் ஆவி வேறு. உள்ளே கட்டிய கொடியில் காயும் துணி வேறு. ஐந்து பேர் விடும் மூச்சு வேறு. ஒரே அறை, அதுவே சமையலறை, அதுவே படுக்கையறை. இந்த ஆவியெல்லாம் எந்த வழியாகப் போகும்?

சன்னல் வழியாகப் போக வேண்டும். சன்னல் எவ்வளவு இருக்க வேண்டும்? புழுக்கமும் வெப்பமும் உள்ள பகுதியில் அறைத் தரையின் பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்கிறது தேசியக் கட்டிட விதித்தொகுப்பு. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. தோழர்களே, இன்றிரவே வீட்டுச் சன்னலை அளந்து பாருங்கள்! இருக்கிற சன்னலையும் கொசுவுக்கும் சாக்கடை நாற்றத்துக்கும் பயந்து மூடிவைத்திருக்கிறோம். கொசு யார் வளர்த்தது? தேங்கிய சாக்கடை வளர்த்தது. ஆகவே சாக்கடையைத் தூர்வாருவதும் சன்னலுக்குக் கொசுவலை அடிப்பதும்கூடப் பூசணத்தை ஒழிக்கும் வேலைதான்.

பூசணம் முதல் எச்சரிக்கை

"சுவரிலே கறுப்பாக இருந்தால் என்ன, உயிரா போகிறது?" என்று கேட்பவர் உண்டு. போகிறது. இரண்டு வழியாகப் போகிறது.

ஒன்று நுரையீரல் வழி. ஓதமும் பூசணமும் உள்ள வீடுகளில் வாழ்பவர்களுக்கு இருமலும் மூச்சிளைப்பும் ஆஸ்துமாவும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் எடுத்துச் சொல்லியிருக்கிறது. பகலெல்லாம் வீட்டில் கிடக்கும் பச்சைப் பிள்ளைக்கும், வயதான தாய்க்கும்தான் முதல் அடி. மருந்துக்கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற காசு, கூலியில் பிடிக்கப்படாத பிடித்தம் ஆகிறது.

மற்றொன்று தலைக்கு மேலே தொங்குகிறது. ஈரமும் உப்பும் சேர்ந்து கான்கிரீட்டுக்குள் புகுந்தால் கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பருமன் கூடியது. பருத்த துரு, மேலிருக்கும் காரையைப் பிளக்கிறது. முதலில் மயிரிழை விரிசல், பிறகு சிவந்த கறை, பிறகு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுவது. கடலோரச் சூழலைக் 'கடுமையான' சூழல் என்று வகைப்படுத்தி, அங்கே கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் போர்வை வேண்டும், கலவையின் வலுவும் எம்-30 தரத்துக்குக் குறையக்கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் 456, 2000-ஆம் ஆண்டிலேயே விதித்துவிட்டது. உள்நாட்டுக் கட்டிடத்துக்கான அளவைக் கடற்கரையில் போட்டால், மிச்சம் பிடித்தது ஒப்பந்தக்காரர்; விலை கொடுப்பது குடியிருப்பவர்.

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் குடிசை மாற்று வாரியக் கட்டிடம் ஒன்று 24 வீடுகளோடு சரிந்து மண்மேடானது. கட்டி 30 ஆண்டுகூட ஆகாத கட்டிடம். விரிசலைக் கண்டு குடியிருந்தவர்களே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. காப்பாற்றியது பொறியாளரின் அறிக்கை அல்ல. தொழிலாளிக் குடும்பத்தின் கண். 2024 டிசம்பரில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் பழைய வாரியக் குடியிருப்பின் மேல்பகுதி பெயர்ந்து தலையில் விழுந்து ஓர் இளைஞர் மாண்டார். கட்டிடம் ஒரே காரணத்தால் விழுவதில்லை, அது உண்மை. ஆனால் விழுவதற்கு முன்னால் அது பேசுகிறது. ஓதமாகப் பேசுகிறது, பூசணமாகப் பேசுகிறது, உதிரும் காரையாகப் பேசுகிறது. கேட்க வேண்டியவர்கள் கேட்கிறார்களா என்பதுதான் கேள்வி.

சட்டம் எங்கே நிற்கிறது?

தமிழ்நாட்டில் வாடகைக்காரருக்குச் சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், கட்டிடத்தின் அடிப்படைப் பழுதுகளையும் குழாய் மாற்றுவதையும் வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு என்று வகுத்திருக்கிறது. நல்லது. ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. வாய்ப்பேச்சில் வாடகை பேசி, மாதக் கடைசியில் கையில் காசு கொடுக்கும் சுமைத் தொழிலாளியிடம் ஒப்பந்தத் தாள் எங்கே இருக்கிறது?

அதைவிட முக்கியமான செய்தி ஒன்று. அரசுக்கும் உள்ளாட்சிக்கும் சட்டப்படி அமைந்த வாரியங்களுக்கும் சொந்தமான வீடுகள் அந்தச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன! 1970-ல் தொடங்கி, 2021-ல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பெயர் மாறிய குடிசை மாற்று வாரியத்தின் வீடுகளில் இருப்பவர்கள் இந்தச் சட்டத்தைக் காட்டி வாதாட முடியாது. தனியார் சொந்தக்காரருக்கு ஒரு நியாயம், சர்க்கார் வாரியத்துக்கு ஒரு நியாயமா? இங்கிலாந்தின் விதிகள் முதலில் குறிவைத்ததே பொது வீடுகளைத்தான் என்பதை இங்கே நினைவுபடுத்துவோம்.

"மாதத் தவணை கட்டுவதில்லை, பராமரிப்புப் பணம் கட்டுவதில்லை, சன்னலை அடைத்துக் கழிவறை கட்டிக்கொள்கிறார்கள், நாங்கள் என்ன செய்வது?" என்று அதிகாரிகள் தரப்பில் ஒரு வாதம் உண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். இல்லையென்று மழுப்ப வேண்டாம். சில இடங்களில் நாமே சன்னலை அடைத்தோம். நாமே சுவரை இடித்துக் குழாய் இழுத்தோம். ஆனால் ஏன் அப்படிச் செய்தோம்? கொடுத்த இடம் போதவில்லை. போட்ட குழாயில் தண்ணீர் வரவில்லை. அதற்கெல்லாம் மேலாக, அஸ்திவாரத்தில் ஓதத் தடுப்பு போடாததும், மாடியில் தட்டோடு பதிக்காததும், கம்பிக்குப் போர்வை குறைத்ததும் குடியிருந்தவரா செய்தார்? கட்டியவர் செய்த குறைக்கு இருப்பவர் செய்த குறை ஈடாகாது.

நம் கையில் உள்ளது

கோரிக்கை வைப்பது ஒரு கை. நாமே செய்யக்கூடியது மறு கை. இரண்டு கையும் தட்டினால்தான் ஓசை.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடியுங்கள். செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஒரு முழ பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கு உள்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அது கட்டிடத்தின் நோய். வெளிப்பக்கம் நனைந்திருந்தால் வீட்டுக் காற்றின் ஈரம். அது காற்றோட்டத்தின் குறை. அதிகாரியிடம் பேசும்போது இந்தச் சோதனை ஒன்பது மனுவுக்குச் சமம்.

சமைக்கும் நேரத்திலும் குளித்த பிறகும் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வையுங்கள். மழை இல்லாத நாளில் வெயில் ஏறிய பிறகு வீட்டைத் திறந்து காயவிடுங்கள். பீரோவையும் கட்டிலையும் சுவரை ஒட்டிப் போடாமல் நான்கு விரற்கடை தள்ளிப் போடுங்கள். ஈரத்துணியை முடிந்தவரை வெளியே காயவிடுங்கள். வெள்ளம் வடிந்தால் நனைந்த மெத்தை, பாய், அட்டை முதலியவற்றை ஓரிரு நாளுக்குள் காயவையுங்கள். காய வழியில்லாததை வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

சிறிய அளவில் பூசணம் இருந்தால், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டால் போதும். உலர்ந்த துடைப்பத்தால் தட்டக்கூடாது. வித்துக்கள் வீடெங்கும் பறக்கும். பிளீச்சிங் தண்ணீரோடு ஆசிட்டையோ வேறு மருந்தையோ கலந்துவிடாதீர்கள்; விஷவாயு கிளம்பும். இளைப்பு நோய் உள்ளவரும் பிள்ளைகளும் அந்த நேரத்தில் வெளியே இருக்கட்டும்.

ஈரச் சுவர்மேல் ஆயில் பெயின்ட்டோ பிளாஸ்டிக் பெயின்ட்டோ அடிப்பது புண்ணை ஆற்றாமல் கட்டுப் போடுவது போல. ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு வேறிடத்தில் வெடிக்கும். சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். அதன் காரம் பூசணத்தை எளிதில் அண்டவிடாது. வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடித்த நம் பாட்டிமார் பெரிய சங்கதியைத்தான் செய்தார்கள். உப்பு பூத்த சுவரில் கொத்தனாரை வைத்து வேலை செய்தால், பழைய பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுக்கச் சொல்லுங்கள். நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிட்டுத்தான் புதிய பூச்சு. சித்தாளையும் கொத்தனாரையும் அவசரப்படுத்தினால் நஷ்டம் நமக்கு.

சர்க்கார் கையில் உள்ளது

மாடிக் கசிவையும் அஸ்திவார ஓதத்தையும் தனிக் குடும்பம் தீர்க்க முடியாது. நான்காம் மாடியின் தண்ணீர் மூன்றாம் மாடியின் சுவரில் இறங்குகிறது. ஆகவே கோரிக்கை கூட்டாக எழ வேண்டும். கோரிக்கைகள் இவை:

வாரிய வீடுகளுக்கும் பழுதுபார்ப்பு நாள்கெடு விதியுங்கள். எத்தனை நாளில் வந்து பார்ப்பீர்கள், எத்தனை நாளில் எழுத்தில் பதில் சொல்வீர்கள், எத்தனை நாளில் சரிசெய்வீர்கள் என்று அறிவித்துப் பலகையில் எழுதிப் போடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன்னால், புரட்டாசிக்குள், மாடி, வடிகால், குழாய் மூன்றையும் பார்வையிட்டு அறிக்கையைக் குடியிருப்போர் சங்கத்துக்குக் கொடுங்கள். கடலோரத்தில் கட்டும் ஒவ்வொரு புதிய வீட்டிலும் கம்பிப் போர்வையின் அளவையும் சன்னலின் அளவையும் வீட்டைப் பெறுகிறவர் முன்னிலையில் அளந்து காட்டுங்கள். மரணத்துக்குப் பிறகு நிவாரணத் தொகை கொடுப்பதைவிட, மரணத்துக்கு முன்னால் ஒரு மூட்டை சிமெண்ட் கொடுப்பது மலிவு!

ஓர் எச்சரிக்கை

கடைசியாக ஒன்று. "சுவர் கெட்டுவிட்டது, காலி செய்" என்ற சொல் எளிதில் கிளம்பும். கெட்ட கட்டிடத்தை இடிக்கத்தான் வேண்டும்; அதில் பிடிவாதம் கூடாது. ஆனால் இடித்த இடத்திலே மீண்டும் யாருக்கு வீடு? கடற்கரை மண்ணின் விலை இன்று என்ன என்பதை எல்லாரும் அறிவார்கள். கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்கள் வேலையை விட்டும் பள்ளியை விட்டும் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதையும் அறிவார்கள். வலையும் படகும் கரையில் இருக்க, வலைக்காரன் மட்டும் ஊருக்கு வெளியே இருந்தால் பிழைப்பு எப்படி நடக்கும்? ஆகவே இடிப்புக்குக் கையெழுத்துக் கேட்டு வந்தால், அதே இடத்தில் அதே குடும்பத்துக்கு வீடு என்பதும், எந்தத் தேதிக்குள் என்பதும், அதுவரை வாடகைப் பணம் எவ்வளவு என்பதும் எழுத்தில் வரட்டும். எழுத்தில் வராத வரையில் கையெழுத்தும் வர வேண்டாம்.

ராச்டேலில் அந்தத் தகப்பன் தனியாக முறையிட்டார். தனிக் குரலைத் தட்டிக் கழித்தார்கள். குழந்தை போன பிறகுதான் ஆயிரம் குரல் சேர்ந்தது, சட்டம் வந்தது. நாம் அப்படி ஒரு விலை கொடுத்துத்தான் சட்டம் வாங்க வேண்டுமா? வேண்டாம். கிளைத் தோழர்கள் இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தத்தம் குடியிருப்பில் வீடு வீடாக ஏறட்டும். எந்த வீட்டில் எந்தச் சுவர், எத்தனை நாளாக ஓதம், எத்தனை பிள்ளைகளுக்கு இளைப்பு, எப்போது மனுக் கொடுத்தார்கள் என்று எழுதட்டும். நூறு வீட்டுக் கணக்கு ஒரே மனுவாகப் போனால் அதைக் குப்பைக்கூடையில் போடுவது அவ்வளவு சுலபமல்ல.

சுவர் வியர்ப்பது உப்பால். அதைத் தெரிந்தும் சும்மா இருப்பதற்கு உப்பைக் குற்றம் சொல்ல முடியாது.